திருப்பணி நிறைவு அறிக்கை: பின்புறத் தடுப்புச் சுவரும் கூடுதல் செலவும்

அன்பான உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரி பக்கம் உள்ள நம் மாரியம்மன் கோயிலின் திருப்பணி 2025 தை மாதம் தொடங்கி வைகாசியில் கும்பாபிஷேகத்தோடு நிறைவடைந்தது. விமான வர்ணம், கருவறைத் தளம், மடப்பள்ளிக் கூரை, மின்வேலை எல்லாம் மதிப்பீட்டுக்குள் முடிந்தன. பின்புறத் தடுப்புச் சுவரில் மட்டும் 1,32,000 ரூபாய் கூடிவிட்டது. மொத்த மதிப்பீடு 14,80,000. ஆன செலவு 16,12,000. பொதுக்குழுவில் எழுந்த கேள்விகள் எல்லாம் இந்தக் கூடுதல் பணத்தைப் பற்றியவை. அதனால் அதையே விரிவாக எழுதுகிறேன்.

சுவர் ஏன் என்று யாரும் கேட்கவில்லை. 2009 நவம்பர் மழையில் நம் மாவட்டத்தில் மண்சரிவில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். கோயிலுக்குப் பின்னால் 12 அடி உயர மண்மேடு, அதன் மேலே தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள். மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் இங்கே ஜேசிபி இறக்க முடியாது என்பதால், அனுமதி கைக்கு வந்த பிறகே ஒப்பந்ததாரருக்கு முன்பணம் கொடுத்தோம்.

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை. வழக்கமான ஆபரேட்டர் வரவில்லை, வேறொரு பையன் வண்டி ஓட்டினான். ரிவர்ஸ் ஹாரன் வேலை செய்யவில்லை. மூன்று மணிக்கு மூட்டம் இறங்கிவிட்டது. கோயில் சுவருக்கும் வெட்டிய மண்ணுக்கும் நடுவே வண்டி பின்னால் வந்தபோது, நம் ஊர் அக்கா ஒருவர் சிமெண்டுச் சட்டியோடு குறுக்கே போனார். மேஸ்திரி கையைப் பிடித்து இழுத்ததால் உயிர் தப்பினார். விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. சட்டி டயருக்கு அடியில் தகடாகிக் கிடந்தது. அந்தச் சட்டியை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். அன்று இரவு தூங்கவில்லை.

மறுநாளே வேலையை நிறுத்தினோம். ஒன்பது நாள் நின்றது. "இத்தனை வருசமா இப்படித்தான் வேலை செய்யுறோம், சித்தாள் பார்த்துப் போயிருக்கணும்" என்றார் ஒப்பந்ததாரர். வண்டி சும்மா நின்றதற்கு வாடகை கேட்டார். 60,000-க்கு மேல் கேட்டவரிடம் மூன்று முறை பேசி 26,000-க்கு ஒத்துக்கொள்ள வைத்தோம். அதையும் ஏன் கொடுத்தீர்கள் என்கிறார்கள். நிறுத்தச் சொன்னது நாங்கள். அந்த நாட்களின் செலவில் ஒரு பகுதியையாவது ஏற்பது நியாயம் என்று குழு முடிவெடுத்தது.

"ஆளும் வண்டியும் அவருடையது, பொறுப்பும் அவருடையது" என்று சில உறுப்பினர்கள் சொன்னார்கள். அதில் பாதிதான் சரி. வேலை நடந்தபோது நடப்பில் இருந்த 1996-ஆம் ஆண்டுக் கட்டிடத் தொழிலாளர் சட்டத்தின் 44-ஆவது பிரிவு, மேற்பார்வையையும் விபத்துத் தடுப்பையும் வேலை தருபவர் தலையில் வைக்கிறது. வேலை தருபவர் என்பதில் உரிமையாளரும் உண்டு, ஒப்பந்ததாரரும் உண்டு. நம் இடத்தில் அன்று 14 பேர் வேலை செய்தார்கள், அதனால் அந்தச் சட்டம் நமக்கும் பொருந்தியது. சட்டத்தை விடுங்கள். வண்டியை வரச் சொன்னது நாம். ஹாரன் கத்தவில்லை என்பது அங்கே நின்ற எனக்கும் தெரியும். காலையிலேயே நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தவறு என்னுடையது. அதனால்தான் ஆஸ்பத்திரிச் செலவு 18,400-ஐத் திருப்பணிக் கணக்கில் எழுதினேன். இனியும் அப்படித்தான் எழுதுவேன்.

வேலை திரும்பத் தொடங்கியபோது முறை மாறியிருந்தது. விசிலும் சிவப்புக் கொடியுமாக ஒருவர் வண்டியோடு முப்பது நாள் நின்றார்: 21,000. கயிறு, தகரத் தடுப்பு, ஹெல்மெட்: 9,600. வண்டியின் மண் அள்ளும் பக்கெட் சுழலும் வட்டத்துக்குள் யாரும் போகக்கூடாது. சாவியை எடுக்கும் முன் பக்கெட் தரையில் இருக்க வேண்டும். மூட்டம் இறங்கினால் வண்டி நிற்கும். லைசென்ஸைப் பார்க்காமல் யாரையும் வண்டியில் ஏற்றவில்லை.

பெரிய தொகை 57,000, மண் வெட்டும் முறையை மாற்றியதற்கு ஆனது. முழு நீளத்தையும் ஒரே மூச்சில் வெட்டுவதுதான் ஒப்பந்ததாரரின் திட்டம். பத்தடி வெட்டி, கருங்கல் கட்டு மேலே வந்த பிறகே அடுத்த பத்தடி என்று நாங்கள் பிடிவாதமாக நின்றோம். 2024 பிப்ரவரியில் லவ்டேல் பக்கம் தடுப்புச் சுவர் வேலையில், மேலே இருந்த கட்டிடம் சரிந்து ஆறு பெண்கள் இறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அவர்களும் கூலிக்கு வந்தவர்கள்தான். நம் சுவருக்கு மேலே இருப்பவை குடும்பங்கள் வாழும் வீடுகள். 57,000-ஐக் குறைத்திருக்கலாமா என்று கேட்டால், கூடாது என்பதே என் பதில்.

இந்தக் கூடுதல் பணம் வந்த வழியையும் சொல்ல வேண்டும். மேல்லைன், கீழ்லைன் இலை பறிக்கும் பெண்கள் ஆளுக்கு ஒரு நாள் கூலி. சிறு தேயிலை விவசாயிகள் ஒரு வாரப் பச்சை இலைப் பணம். கேரட் மண்டி அண்ணன்மார், ஜீப் ஓட்டுநர்கள், ஹார்டுவேர் கடைக்காரர், பேக்கரிக்காரர், திருப்பூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், குன்னூரில் கட்டிக்கொடுத்த மகள்கள், ஓய்வுபெற்ற தபால்காரர் ஐயா. கை முறிந்த அக்காவும் 500 ரூபாய் கொடுத்தார். வேண்டாம் என்றும் கேட்கவில்லை. எல்லோர் பெயரும் மண்டபத்துப் பலகையில் தொகையோடு இருக்கிறது.

ஒப்பந்ததாரருக்குத் தர வேண்டியதில் 50,000 ரூபாயைப் பிடித்து வைத்திருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரின் நீர்த்துளைகள் ஒழுங்காகத் தண்ணீர் விடுகின்றனவா என்று பார்த்த பிறகே தருவோம். பில்கள் கோயில் பீரோவில் உள்ளன. ஞாயிறு காலை பூஜை முடிந்ததும் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

செயலாளர்,
திருப்பணிக் குழு