வலது கை

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உன் வலது கையில் வளையல் இல்லை. கேட்டதற்கு, சோப்புப் போட்டுக் கழற்றினேன், வெயிட் போட்டுவிட்டேன் என்று சிரித்தாய். வெயிட் போட்டால் இரண்டு கையும்தானே பருக்கும்? இடது கையில் வாட்ச் பழைய ஓட்டையில்தான் இருந்தது, பார்த்தேன். அதற்கப்புறம் நீ போனை எடுக்கவே இல்லை.

இங்கே தடைக்காலம் தொடங்கிவிட்டது, பாம்பனில் விசைப்படகெல்லாம் சும்மா நிற்கிறது, அப்பா மீன் இல்லையென்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். அது கிடக்கட்டும்.

ஷட்டில் ஆடினேன், சுளுக்கு என்பாய். சுளுக்கு ஒரு இடத்தில் வலிக்கும், திருப்பினால் சுருக்கென்கும், தோளிலிருந்து விரல்வரை மொத்தக் கையும் வீங்காது. டிரிப்ஸ் ஏற்றிய மேல்நரம்பு புண்ணானால் தோலுக்கடியில் கயிறு மாதிரி தட்டுப்படும். கிருமித் தொற்று என்றால் சிவந்து கொதிக்கும், காய்ச்சலும் வரலாம். சின்னத்தைக்கு மார்பு ஆபரேஷனுக்கு அப்புறம் வந்தது நிணநீர் வீக்கம், மெல்ல மெல்ல வந்தது, வலியே இல்லை. ஆழத்து ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்தால் கை கனக்கும், நீலம் பாயும், தோளிலும் மார்பிலும் புதிதாக நரம்பு எழும்பி நிற்கும். ஆனால் 28 வருஷம் நர்ஸாக இருந்த நானே கண்ணால் பார்த்து அடித்துச் சொல்ல மாட்டேன், ஒன்றைப்போலவே இன்னொன்று வரும். ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன் எடு. காறை எலும்புக்கு அடியில் அதில் சரியாகத் தெரியாது, அதனால் நார்மல் என்று வந்தும் வீக்கம் வடியாவிட்டால் சி.டி. வேண்டுமா என்று நீயே கேள். தெருவில் முதல் இன்ஜினியர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன், சொந்தக் கையைப் பார்க்கத் தெரியவில்லை உனக்கு.

பெரிய மாமாவுக்கு மாரடைப்பு என்றுதான் உங்களுக்கெல்லாம் சொன்னோம். கரைவலை இழுத்த கையோடு அண்ணன் நேரே என்னிடம்தான் வந்தார். கை நீலமாகத்தான் இருந்தது. டியூட்டி முடிகிற நேரம், சுளுக்கு என்று சொல்லி வீட்டுக்குக் கூட்டிவந்து நல்லெண்ணெய் விட்டு நானே உருவிவிட்டேன். உருவினால் ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம் என்று படித்தவள் நான். 'இப்ப தேவலை தங்கச்சி' என்றார். நாலாம் நாள் மூச்சு வாங்கியது. உன் அத்தைக்கு இன்றுவரை தெரியாது.

யாரையும் உருவ விடாதே. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு குத்தினாலோ ராத்திரி என்று பார்க்காமல் கேஷுவாலிட்டிக்குப் போ. அது வரவில்லை என்றாலும் இன்றைக்கே ஸ்கேன் எடு.

அப்புறம், பொங்கலுக்கு வந்தபோது உன் பையில் 21 மாத்திரை அட்டை ஒன்றைப் பார்த்தேன். எதற்கென்று அப்போதும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. சில ஹார்மோன் மாத்திரையால் ரத்தம் உறையலாம், அதற்காகத்தான் சொல்கிறேன். எனக்கு அதன் பெயர் வேண்டாம். டாக்டரிடம் மறைக்காதே.

அம்மா