முள் அசையாவிட்டால் முதலில் டேங்கைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

பழங்காலக் கார்களில் பெட்ரோல் அளவைக் காட்டும் முள் அசையவில்லை என்றதும் டேஷ்போர்டைப் பிரித்து, அசல் மீட்டரையே தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டிவிடுகிறார்கள், பார்க்கவே மனசு கேட்கவில்லை. கோளாறு பெரும்பாலும் டேங்கில்தான் இருக்கும். உள்ளே பெட்ரோலோடு ஏறி இறங்கும் ஒரு மிதவை, அதன் கை அசையும்போது மின்தடை மாறும் ஒரு சுருள், அந்த மாற்றத்தைத்தான் முள் காட்டுகிறது, அவ்வளவுதான். பித்தளை மிதவையில் ஊசித்துளை விழுந்தால் பெட்ரோல் புகுந்து மூழ்கும், கார்க் என்றால் ஊறிப்போகும், சில வண்டிகளில் எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கும், அதைச் சுத்தம் செய்தாலே முள் எழுந்துவிடும். 6 வோல்ட் மீட்டருக்கு 12 வோல்ட் கொடுத்துச் சோதிக்கவே கூடாது, மீட்டருக்குள் இருக்கும் சுருள் கருகிவிடக்கூடும். அப்புறம், டேங்கில் கைவைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள், சின்னப் பொறி பட்டாலும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும்.

- பழைய கார் பிரியர் ஒருவர்