அந்த இரண்டு மணி நேரத்தைத் திருப்பித் தாருங்கள்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நூல்களை முழுதாக வாசித்தும் பழைய இசைப்பதிவுகளைக் கேட்டும் வாரம் இரண்டு மணி நேரம் நடந்துவந்த வரலாற்றுத் துறையின் வாசிப்பு–கேட்பு வகுப்பை இந்தப் பருவத்திலிருந்து நீக்கி நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையின் பின்னணி உங்களுக்கே நன்கு தெரியும் என்பதால் அதை இங்கே விரிக்கவில்லை. துறையின் சார்பில் எழுதிய கடிதங்களுக்குப் "பரிசீலனையில் உள்ளது" என்பதைத் தவிர வேறு பதில் வராததாலும், ஒலிபெருக்கி கேட்டு நான் கொடுத்த விண்ணப்பம் "வரலாற்றுப் பாடத்துக்கு இசை எதற்கு?" என்ற ஒற்றை வரிக் குறிப்புடன் திரும்பி வந்ததாலும் இதைப் பொதுவில் எழுத வேண்டியதாயிற்று. கோரிக்கை ஒன்றுதான்: அந்த வகுப்பையும் அது நடந்துவந்த நூலக ஒலியறையையும் எங்களுக்குத் திருப்பித் தாருங்கள்.

குறிப்பை எழுதியவர் கேலியாகவே கேட்டிருந்தாலும், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் கடமைப்பட்டிருக்கிறேன். 1902 நவம்பரில் கல்கத்தாவில் இந்துஸ்தானி இசைப் பாடகி கௌஹர் ஜான் பாடிப் பதிவான இசைத்தட்டில், பாட்டு ஓய்ந்த கையோடு அவர் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி முடிப்பார். ஏன் சொல்கிறார் என்று மாணவர்கள் கேட்காமல் இருந்ததில்லை. பதிவு கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குப் போய் அங்கே தட்டாக அச்சானது. லேபிள் ஒட்டுகிறவர்களுக்குப் பாடியவர் யாரென்று தெரிய வேண்டும் என்பதற்காகவே அப்படிச் சொல்ல வைத்தார்கள் என்பது வழக்கமாகத் தரப்படும் விளக்கம். அங்கிருந்து வகுப்பு தானாகவே நகரும். நெடுநேரம் விரித்துப் பாடப்பட்ட ராகம் ஏறத்தாழ மூன்று நிமிடத் தட்டுக்குள் எதையெல்லாம் இழந்து அடங்கியது, காலனி நாட்டில் எழுந்த குரல் ஐரோப்பாவில் சரக்காகி மறுபடி அந்த நாட்டுக்கே விற்பனைக்கு வந்தது எப்படி, அவையில் அமர்ந்து கேட்டவர்களுக்கு மட்டுமே பழகியிருந்த ஒரு பெண்ணின் குரலை முகம் தெரியாதவர்களும் கேட்கத் தொடங்கியபோது என்ன மாறியது என்றெல்லாம் கேள்விகள் வளரும். இவையெல்லாம் புத்தகத்தில் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன. ஆனால் அந்தத் தட்டைக் கேட்ட பிறகுதான் மாணவர்கள் புத்தகத்தைத் தாங்களாகத் தேடிப் போகிறார்கள்.

ஒலியறை போட்டித் தேர்வுப் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்ட பிறகு, அதே பதிவைக் கைபேசியில் ஒலிக்கவிட்டுப் பெஞ்சு பெஞ்சாக எடுத்துச் செல்கிறேன். முன்வரிசைக்குக் கீறல் ஒலியோடு குரலும் கேட்கிறது. நடுவரிசைக்குக் கீறல் ஒலி மட்டும் கேட்கிறது. கடைசி வரிசைக்கு மின்விசிறிச் சத்தம்தான். பாடகி பெயர் சொல்லும் இடம் வரும் நேரத்தில், சுவருக்கு அப்பால் உள்ள ஒலியறையிலிருந்து, எனக்கு மறுக்கப்பட்ட அதே ஒலிபெருக்கி 1857 எழுச்சியின் காரணங்களை வரிசை எண்ணோடு ஒப்பித்துக்கொண்டிருக்கிறது. "விடுங்க ஐயா, நோட்ஸ்ல இருக்கிறதையே படிச்சுக்கிறோம், நீங்க சிரமப்படாதீங்க" என்றாள் கடைசி வரிசை மாணவி ஒருத்தி. பரிவோடுதான் சொன்னாள். எனக்குத்தான் பதில் வரவில்லை.

அந்த 'நோட்ஸ்' பற்றியும் சொல்லியாக வேண்டும். முழு நூல்களுக்குப் பதிலாக வழங்கும்படி குழு தொகுத்தனுப்பிய சுருக்கங்களில், பக்கம் மிச்சமாகும் என்பதற்காக அடிக்குறிப்புகள் அனைத்தும் நீக்கப்பட்டிருக்கின்றன. நூலாசிரியர் சொல்வதை அப்படியே நம்பிவிடாமல், அவருக்கு அது எப்படித் தெரியும் என்று வாசகர் தாமே தேடிச் சரிபார்க்க இருந்த வழி அதோடு அடைபட்டுவிட்டது. ஜெர்மன் வரலாற்றாசிரியர் ராங்கே 1824இல் தம் முதல் நூலை வெளியிட்டபோது, முந்தைய வரலாற்றாசிரியர்கள் செய்திகளை எங்கிருந்து எடுத்தார்கள், அவற்றுள் எவற்றை நம்பலாகாது என்று ஆராயும் ஒரு பகுதியை அதனுடன் இணைத்தார். இத்துறையில் அவர் பெயர் நிலைத்ததற்கு அந்த இணைப்பு ஒரு முக்கியக் காரணம். உங்கள் சுருக்கத்தில் முதலில் வெட்டுப்பட்டிருக்கக்கூடியதும் அதுவே.

இசை என்பது வரலாற்றாசிரியருக்கு வெறும் பொழுதுபோக்கு என்று கூட்டத்தில் ஒருவர் கூறியதாகவும் கேள்விப்பட்டேன். பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் எரிக் ஹாப்ஸ்பாம் 1950களில் ஃபிரான்சிஸ் நியூட்டன் என்ற புனைபெயரில் ஜாஸ் விமர்சனம் எழுதியவர். 1959இல் அதே பெயரில் ஜாஸ் குறித்து ஒரு நூலும் வெளியிட்டார். அந்தப் பெயரை அவர் எடுத்துக்கொண்டது டிரம்பெட் கலைஞர் ஃபிரான்கி நியூட்டனிடமிருந்து. அமெரிக்காவில் கறுப்பின மக்களைக் கும்பல்கள் கொன்று மரங்களில் தொங்கவிட்ட கொடுமையைப் பற்றிய பாட்டை ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே 1939இல் பதிவு செய்தபோது அவருக்கு உடன் வாசித்தவர் அந்த நியூட்டன். பொழுதுபோக்கு என்ற சொல்லைக் குழு மறுபரிசீலனை செய்வது நல்லது.

ஒவ்வொரு வகுப்பின் 'கற்றல் விளைவை'யும் குறியீட்டு எண்ணோடு கட்டம் கட்டிப் பதிவேற்றச் சொல்கிறீர்கள்; செய்கிறோம். ஒரு மாணவர் முந்நூறு பக்க நூலை முடித்துவிட்டு, "இந்த ஆசிரியர் எதையோ மறைக்கிறார்" என்று சந்தேகத்தோடு வந்து நின்றால் அதற்கு எந்தக் குறியீடு என்று தேடிப் பார்த்தேன். அப்படியொன்று இல்லை. சந்தேகப்படாத மாணவருக்கு நான்கு குறியீடுகள் இருக்கின்றன. பாடம் நடத்துவதைவிட, நடத்தியதற்கான ஆதாரத்தைத் தயாரிப்பதே ஆசிரியரின் முதன்மைப் பணி என்று முடிவாகிவிட்டால் அதையும் ஒரு சுற்றறிக்கையாக அனுப்பிவிடலாம், கோப்பில் சேர்த்துக்கொள்வோம். சொல்ல வந்தது இதுவன்று, பொறுத்தருளுங்கள்.

வாரத்தில் ஒரே ஒரு பிற்பகல், இரண்டு மணி நேரம், அந்த அறை எங்களுக்கு வேண்டும். மற்ற நாட்களில் பயிற்சி அங்கேயே நடக்கட்டும். தேர்வு எழுதும் பிள்ளைகளும் எங்கள் மாணவர்களே. புதிய நூல்களோ கருவிகளோ கேட்கவில்லை. இருப்பவை அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. சுருக்கங்கள் தொடர்ந்தாலும், அடிக்குறிப்புகளை மட்டுமாவது மீண்டும் சேர்த்துவிடுங்கள். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்து, வகுப்பைத் திருப்பித் தருவதானாலும் மறுப்பதானாலும் காரணத்தோடு எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். மறுப்பதாக இருந்தால், முடிவெடுப்பதற்கு முன் உறுப்பினர்களில் ஒருவராவது என் வகுப்பின் கடைசி வரிசையில் ஒரு முறை வந்து உட்கார வேண்டும் என்பதும் என் வேண்டுகோள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வரலாற்றுத் துறை ஆசிரியர் ஒருவர்