தகவல் சொல்வது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

நாகர்கோவில் வட்டாரத்தில் மருத்துவம், செவிலியம், பி.எட். மாணவர்கள் போக்சோ சட்டத்தை (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) தனித்தனியாகத்தான் படிக்கிறார்கள். வேலையில் சேர்ந்தபின், ஒரே குழந்தையின் முன்னால்தான் முதன்முறை சந்திக்கிறார்கள். அதற்கு முன்பே அவர்களை ஒன்றாக ஒத்திகை பார்க்க வைக்கலாம்.

ஒரு காட்சி போதும். எட்டு வயதுச் சிறுமி, "இனி டியூஷனுக்குப் போவமாட்டேன் டீச்சர், அந்த மாமா தொடுதது பிடிக்கல" என்கிறாள். சிறுமியாக வேடம் போடுபவர் பயிற்சி பெற்ற பெரியவராகவே இருக்க வேண்டும். குழந்தையை நடிக்க வைக்கவே கூடாது. காட்சி 15 நிமிடம், பிறகு கலந்துரையாடல் 30 நிமிடம். யாருக்காவது மனம் கலங்கினால் உடனே நிறுத்த ஒரு சொல்லை முன்பே பேசி வைக்க வேண்டும்.

தவறு எங்கே வரும்? ஆசிரியை கேட்டதையே செவிலியரும் மருத்துவரும் திரும்பக் கேட்பார்கள். "மாமா இங்கேயா தொட்டார்?" என்று பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். குழந்தை சொன்ன வார்த்தையை அப்படியே எழுதாமல் 'தகாத நடத்தை' என்று சுருக்கிவிடுவார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, மற்றவர் புகார் சொல்லியிருப்பார் என்ற நினைப்பு. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, விஷயம் தெரிந்த ஒவ்வொருவருக்கும் புகார் சொல்லும் கடமை உண்டு. சொல்லாமல் விட்டால் 6 மாதம் வரை சிறை. காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். வாக்குமூலம் வாங்க வரும் போலீஸார் சீருடையில் வரக்கூடாது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

செலவு அதிகமில்லை: ஓர் அறை, நான்கு நாற்காலி, குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுவதுபோல் நடிக்க ஒரு பழைய போன். கல்லூரிகளின் கால அட்டவணையை ஒத்துப்போகச் செய்வதுதான் பெரும்பாடு.

இப்படிக்கு,
செவிலியக் கல்வி, சமூகப்பணி ஆசிரியர்கள் சிலர்,
கன்னியாகுமரி மாவட்டம்