கரிமக் கணிப்புச் செய்திகளில் விடுபடும் விவரங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அகழாய்வுச் செய்திகளுக்கு நாளிதழ்கள் முதல் பக்கத்தில் இடம் தருவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் 'இத்தனை ஆண்டுகள் பழமையானது' என்ற ஒற்றை எண்ணோடு பெரும்பாலும் செய்தி முடிந்துவிடுகிறது. சோதிக்கப்பட்ட பொருள் எது, முறை எது, கணிப்பில் ஏற்ற இறக்கம் எவ்வளவு என்பவற்றையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இத்தகைய செய்திகளில் அடிக்கடி வரும் கரிமக் கணிப்பு, கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பனை அளந்து காலம் காணும் முறை. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களால் வளிமண்டலத்தின் மேலடுக்கில் உண்டாகும் நியூட்ரான்கள் நைட்ரஜன் அணுக்களில் மோதும்போது இது பிறக்கிறது. காற்றிலுள்ள கார்பனில் ஏறத்தாழ லட்சம் கோடி அணுக்களுக்கு ஒன்றுதான் இவ்வகை. செடிகொடிகள் வழியாக எல்லா உயிர்களின் உடலிலும் சேரும் இது, உயிர் பிரிந்தபின் புதிதாகச் சேர்வதில்லை. இருப்பதும் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. எஞ்சியதை அளந்து காலத்தைக் கணக்கிடும் இம்முறையை 1940-களின் பிற்பகுதியில் உருவாக்கிய வில்லார்ட் லிபிக்கு 1960-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, கணிப்பு சொல்வது ஓர் உயிர்ப்பொருள் கார்பனை உள்வாங்குவதை நிறுத்திய காலத்தையே; அதனருகே கிடைத்த பானையோ வாளோ செய்யப்பட்ட காலத்தை அன்று. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று காலம் கணிக்கப்பட்டதை 2021-இல் படித்தோம். நெல் சில மாதங்களில் விளைந்து அறுவடையாகிவிடும் பயிர் என்பதால், தாழி புதைக்கப்பட்ட காலத்துக்கு அது மிக நெருங்கிய சான்று. மரக்கரி அப்படியன்று. நூறாண்டு நின்ற மரத்தின் வைரம் பாய்ந்த நடுப்பகுதி எரிக்கப்பட்டிருந்தால், நெருப்பு மூட்டிய நாளைவிட நூறாண்டு முந்திய காலத்தை அக்கரி காட்டக்கூடும். இந்த வேறுபாட்டைச் சொல்ல ஒரு வரி போதுமே!

எண்ணூர் அனல் மின் நிலையங்களைப் பார்த்து வளர்ந்த வடசென்னைவாசிகளுக்கு இன்னொன்றும் எளிதில் விளங்கும். பல கோடி ஆண்டுகள் பூமிக்குள் கிடந்த நிலக்கரியில் கார்பன்-14 எஞ்சியிருப்பதில்லை. சோதனைப் பொருளில் நிலக்கரித் தூசி கலந்துவிட்டால் அது உண்மையைவிடப் பழையதாகத் தோன்றும். ஆய்வகங்கள் மாதிரியை அமிலத்தாலும் காரத்தாலும் கழுவித் தூய்மைப்படுத்துவது இத்தகைய கலப்புகளைக் குறைக்கத்தான். தொழிற்புரட்சிக்குப்பின் எரித்த நிலக்கரி காற்றிலுள்ள கார்பன்-14 விகிதத்தையே குறைத்தது. அதற்கு முன்பும் அவ்விகிதம் ஒரே சீராக இருந்ததில்லை. எனவே ஆண்டுக்கு ஒன்றாக மரத்தில் உருவாகும் வளையங்களின் கார்பன்-14 அளவோடு ஒப்பிட்டு அளவைத் திருத்துகிறார்கள். திருத்தியபின் கிடைப்பது ஒரு கால வரம்பே. அதை ஒற்றை ஆண்டாகச் சுருக்குவது ஆய்வாளர்களுக்கே நியாயம் செய்வதாகாது.

எண்ணூரில் கடலில் கலக்கும் கொசஸ்தலை ஆற்றின் படுகையில்தான் பழைய கற்கால மக்களின் கருவிகள் கிடைத்த அத்திரம்பாக்கம் இருக்கிறது. அங்குள்ள கற்கருவிகளுக்குக் கரிமக் கணிப்பு உதவாது: கல்லில் உயிர்க்கார்பன் இல்லை, சுமார் 50,000 ஆண்டுகளைத் தாண்டினால் அளக்கும் அளவுக்குக் கார்பன்-14 மிஞ்சுவதும் இல்லை. ஆகவே அங்கு வேறு முறைகள் பயன்பட்டன. தமிழ்நாட்டில் இரும்பின் தொன்மை பற்றி 2025 ஜனவரியில் வெளியான அறிவிப்பிலும் மரக்கரிக்குக் கரிமக் கணிப்பும், பானையோடுகளுக்கு, அவற்றிலுள்ள கனிமங்கள் கடைசியாக வெப்பமோ ஒளியோ பட்ட காலத்தைக் காட்டும் ஒளித்தூண்டல் முறையும் பயன்பட்டன. எந்த எண் எந்த முறையில் வந்தது என்பதைத் தங்கள் நாளிதழ் இனி ஒரு சிறு கட்டத்திலாவது தர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்,
திருவொற்றியூர், சென்னை