சின்சுன்சான் போகிற தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

இரண்டு நாள் விடுப்பில் மெக்சிகோவின் மிச்சோவகான் மாநிலத்துச் சின்சுன்சான் போகப் போவதாக எழுதியிருந்தாய். ஏரிக்கரை ஊர்தானே, பக்கத்து நகரமான பாட்ஸ்குவாரோவிலிருந்து படகில் போய்விடலாமா என்றும் கேட்டிருந்தாய். படகுத்துறையில் ஏறினால் ஹனிட்சியோ தீவில்தான் போய் இறங்குவாய். பலர் அங்கேதான் அரை நாளைத் தொலைக்கிறார்கள். சின்சுன்சானுக்குச் சாலைவழியாகத்தான் போக வேண்டும்.

மெக்சிகோ நகரத்தில் அப்செர்வதோரியோ மெட்ரோவை ஒட்டிய மேற்குப் பேருந்து நிலையத்திலிருந்து பாட்ஸ்குவாரோவுக்கு வண்டி உண்டு. ஐந்து மணி நேரமாவது ஆகும். இரவு பாட்ஸ்குவாரோவில் தங்கிவிடு. மறுநாள் காலை அங்குள்ள பேருந்து நிலையத்தில் கிரோகா என்ற ஊருக்குப் போகும் வண்டியில் ஏறி, ஓட்டுநரிடம் ஊர்ப்பெயரைச் சொல்லி வை. அரை மணி நேரம்தான். சில்லறை பெசோ கையில் இருக்கட்டும். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், மெக்சிகோவில் பல அருங்காட்சியகங்களுக்கு அன்று விடுமுறை.

இறங்கியதும் எல்லாரும் பிரான்சிஸ்கன் கிறிஸ்தவத் துறவிகளின் பழைய மடத்தைப் பார்த்து நடப்பார்கள். நீ எதிர்த்திசையில் மேடேறு. சாலைக்குக் கிழக்கே, மலைச்சரிவில் யாக்கதாக்கள் எனப்படும் பழைய கோயில் மேடுகள் இருக்கின்றன. ஸ்பானியர் வருமுன் இது புரேபெச்சா என்ற மண்ணின் மக்களுடைய அரசின் தலைநகரம். நானூறு மீட்டருக்கு மேல் நீண்ட மேடை, அதன்மேல் வரிசையாக ஐந்து யாக்கதாக்கள். ஒவ்வொன்றும் ஒருபுறம் செவ்வகம், மறுபுறம் வட்டம்; சாவித்துளை மாதிரி. காலையில் போனால் வெயில் முதுகில் விழும், மேற்கே ஏரி தெளிவாகத் தெரியும். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உயரமுள்ள இடம், மூச்சு வாங்கும். மெதுவாக ஏறு.

அங்கே கட்டுமானத்தை நின்று பார். உள்ளே சாந்தில்லாமல் அடுக்கிய சப்பைக்கல், வெளியே செதுக்கி இழைத்த எரிமலைக்கல் போர்வை. பல இடங்களில் போர்வை உரிந்து உள்கல் தெரியும். மழையும் மரவேரும் மட்டும் செய்த வேலையல்ல அது. உரித்த கல்லில் நிறையக் கீழே மடம் கட்டப் போயிற்று. அதனால்தான் முதலில் மேடு, பிறகு மடம் என்கிறேன். வரிசையை மாற்றினால் மடம் வெறும் பழைய கட்டடமாகத்தான் தெரியும்.

இனி இறங்கி வா. பிரான்சிஸ்கன் துறவிகள் 1520களிலேயே இங்கு வந்துவிட்டார்கள். புரேபெச்சாக்களின் கடைசி அரசன் இரண்டாம் தங்காசுவானை ஸ்பானியப் படைத்தலைவன் நூன்யோ டே குஸ்மான் 1530இல் கொன்றான். 1536இல் மிச்சோவகான் மறைமாவட்டம் உருவானபோது இவ்வூர்தான் அதன் தலைமையிடம். ஆனால் முதல் ஆயர் (பிஷப்) வாஸ்கோ டே கிரோகா சில ஆண்டுகளிலேயே பீடத்தைப் பாட்ஸ்குவாரோவுக்கு மாற்றினார். ஊர் சிறியதாகவே நின்றுபோனதற்கு அது பெரிய காரணம். மடத்துச் சுவர்களை நெருங்கிப் பார்த்துக்கொண்டே நட. சுழிகளும் உருவங்களும் செதுக்கிய கற்கள் இடையிடையே பதிந்திருக்கும். அவற்றுக்கு ஹனாமு என்று பெயர். சாய்வெயிலில்தான் செதுக்கு எடுத்துக் காட்டும், உச்சிவேளையில் கண்ணுக்குச் சிக்காது.

முற்றத்து ஒலிவ மரங்களின் கீழ் கொஞ்ச நேரம் உட்கார். ஆயர் கிரோகா நட்டவை என்பது ஊர் வழக்கு. அடிமரம் முறுக்கி, பொந்து விழுந்து, இன்னும் தழைக்கின்றன. முற்றத்தில் இரண்டு கோயில்கள். சொலேதாத் கோயிலில் சோளத்தட்டையின் நெட்டியை ஆர்க்கிட் கிழங்குப் பசையில் குழைத்துச் செய்த கிறிஸ்து கிடந்த கோலத்தில் இருக்கிறார். இந்தக் கைவினை ஸ்பானியருக்கு முந்தியது. ஆளுயரச் சிலையையும் எளிதாகத் தூக்கலாம். அந்தச் சிலை வளர்கிறது என்பது ஊரார் நம்பிக்கை. பூசை நடக்கும்போது படம் எடுக்காதே.

ஏரிக்கரைக்குப் போனால் தண்ணீர் எட்டத்தில் இருக்கலாம். ஏரி வற்றிக்கொண்டே வருகிறது. 2024 வறட்சியில் லாரிகளில் நீர்த் திருட்டும் நடந்தது. கோரைக்கு இடையே உலர்ந்தது போலத் தெரியும் தரை கால் வைத்தால் புதையும், இறங்காதே.

நீ சைவம் என்பதால் இதைக் கவனி. கொருந்தா என்ற முக்கோணச் சோளக் கொழுக்கட்டை, அவரை மசியல் இரண்டிலும் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம். 'சின் கார்னே' என்றால் இறைச்சியை மட்டும்தான் விடுவார்கள். 'சின் மன்தேகா', அதாவது கொழுப்பில்லாமல், என்றும் சொல். பாலாடைக்கட்டி வைத்து மடித்த ரொட்டியான கேசதியா, சப்பாத்திக்கள்ளிப் பொரியல், அதோலே கஞ்சி போதும். சூப் வேண்டாம், பெரும்பாலும் கோழிச்சாறுதான்.

பானை வாங்காமல் வரமாட்டாய். மெருகில் ஈயம் கலப்பது பழைய முறை. 'சின் ப்ளோமோ', அதாவது ஈயமற்றது, எனக் கேட்டு வாங்கு. உறுதியாகத் தெரியாததை அலங்காரத்துக்கு மட்டும் வை. ரசமோ புளிக்குழம்போ ஊற்றினால் புளிப்பு ஈயத்தைக் கரைத்து எடுத்துவிடும். சந்தேகமே வேண்டாம் என்றால் கோதுமை வைக்கோல் பின்னல் வாங்கு, எடையும் இருக்காது.

இறந்தோரை நினைவுகூரக் குடும்பங்கள் கல்லறையில் கூடும் நவம்பர் 1, 2 தேதிகளில் போவதானால் பாட்ஸ்குவாரோவில் மாதக்கணக்கில் முன்னதாக அறை பிடிக்க வேண்டும். கல்லறைத்தோட்டம் சாலையின் இருபுறமும் இருப்பதால் இரவில் வண்டி நகராது. கல்லறை மேல் கால் படாமல் நட, ஃப்ளாஷ் போடாதே, குடும்பத்தாரைக் கேட்டுப் படம் எடு. ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகல் மழை. அப்போது குடையோடு காலையிலேயே முடித்துக்கொள்.

மிச்சோவகான் மாநிலம் அமெரிக்க அரசின் பயண எச்சரிக்கையில் இருக்கிறது. கிளம்புமுன் நிலவரம் பார். இருட்டுமுன் பாட்ஸ்குவாரோ திரும்பிவிடு. இறங்கும்போதே கடைசி வண்டி எப்போது என்று கேட்டு வை.

எந்தச் சுவரில் எந்தச் சுழி கண்ணில் பட்டது என்று எழுது.

அன்புடன்,
அக்கா