கறுத்த கூடு இருக்கிறதா, பார்!

உச்சிப்புளி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குச் சுகப்பிரசவம் என்று படித்ததும் செல்லத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. பேத்தியைப் பார்க்க இருவரும் தொண்டிக்கு வருகிறோம்.

தென்னைக்கு என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டிருந்தாய். தயவுசெய்து எதையும் அடித்துவிடாதே. ஓலைக்கு அடியில் வெள்ளைச் சுருள், கீழே நிற்கும் வாழையில் கரி பூசினாற்போலக் கறுப்பு என்றால் அது சுருள் வெள்ளை ஈதான். 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்டது, நம் கரை வரைக்கும் வந்துவிட்டது. ஈ விடும் பிசுபிசுப்பில் வளரும் பூசணம்தான் அந்தக் கறுப்பு.

முதல் வருஷம் நானும் பயந்துபோய் மருந்து அடித்தேன். கொஞ்ச நாள் குறைந்தது, அப்புறம் முன்னைவிட அதிகமாக வந்தது. ஈயை அழிக்க வந்த குளவியையும் சேர்த்துக் கொன்றிருக்கிறேன் என்று பிறகுதான் புரிந்தது. இன்றும் அது என் மனதை அறுக்கிறது.

அந்தக் குளவிக்கு என்கார்சியா என்று பெயர். தூசி அளவுதான் இருக்கும், நம்மைக் கொட்டாது. ஈயின் இளம்பூச்சிக்குள் முட்டை வைக்கும். குளவிப் புழு உள்ளிருந்தே தின்று வளர, அந்த இளம்பூச்சியின் கூடு கறுத்துவிடும். லென்ஸ் வைத்துப் பார். ஈ வெளியேறிய கூடு முதுகு பிளந்திருக்கும். குளவி வெளியேறிய கூட்டில் ஊசி குத்தினாற்போல வட்ட ஓட்டை. முதல்முறை அந்த ஓட்டையைப் பார்த்த அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

குளவி பெருகும் வரை மஞ்சள் பாலித்தீன் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரத்தில் கட்டு, பறக்கும் ஈ ஒட்டிக்கொள்ளும்.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி என்றாயே, அங்கேயும் அவசரப்படாதே. மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளையாக, ஆனால் சுறுசுறுப்பாக நடந்துபோவது ஒரு வகைப் பொறிவண்டின் புழுவாக இருக்கலாம். 1898-ல் காப்பித் தோட்டத்துக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த வண்டு அது. மாவுப்பூச்சிதான் அதற்குச் சாப்பாடு. செல்லத்தாய் ஒருமுறை தெரியாமல் அந்தப் புழுக்கள் அத்தனையையும் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டாள். எறும்பை மட்டும் செடியில் ஏறவிடாதே. இனிப்புக்காக மாவுப்பூச்சிக்குக் காவல் நின்று, வண்டை விரட்டிவிடும்.

உன் மரத்தில் கறுத்த கூடு இருக்கிறதா என்று பார்த்து உடனே எழுது. இல்லையென்றால் ஆடி அமாவாசைக்குச் சேதுக்கரை வரும்போது வீட்டுக்கு வா. கறுத்த கூடு உள்ள ஓலையாகப் பார்த்து நறுக்கிக் காகிதப் பையில் கட்டி வைக்கிறேன். கொண்டுபோய் உன் மரத்து ஓலையில் செருகிவிடு.

உன்
கருப்பையா